எல்லா மாட்டுக்கும் ஒரே மூக்கு

எனக்கு அருவருப்பு கொஞ்சம் ஜாஸ்தி. அடுத்தவங்க குடிச்ச டம்ளர்ல தண்ணி குடிக்க மாட்டேன். பஸ்ல கம்பியைக் கைக்குட்டை போட்டுத்தான் புடிப்பேன். சாப்பிடும்போது பக்கத்துல யாராச்சும் மூக்கைச் சிந்தினா அன்னிக்கு என் சாப்பாடு அவ்வளவுதான், தட்டைத் தள்ளிட்டு எழுந்துடுவேன். அப்படிப்பட்ட ஆளுக்கு ஆண்டவன் குடுத்த வேலையைப் பாருங்க. கன்னு போட்ட மாட்டுக்குப் பின்னாடி நின்னு, கர்ப்பப்பையிலருந்து வர்ற கழிவை வழிச்சு எடுத்து, மோந்து பாத்து மார்க் போடணும்.

பால் சங்கத்து மாட்டு வைத்தியப் பிரிவுல நான் உதவியாளர். பத்தொம்பது வருஷம் ஆச்சு. தோள் வரைக்கும் கையுறை, முழங்கால் வரைக்கும் பூட்ஸ். ஒரு நீளக் கம்பி, அது நுனியில ரப்பர் கிண்ணம். அதை உள்ள விட்டு மெதுவா இழுத்தா உள்ள இருக்கறது கிண்ணத்துல வரும். கன்னு போட்ட முதல் ரெண்டு வாரம் எந்த மாட்டுக்கும் செம்மண் நிறத்துல ஒண்ணு வரத்தான் செய்யும். நல்லா இருக்கற மாட்டுக்கும் அதே நிறம், உள்ள அழுகிக்கிட்டு இருக்கற மாட்டுக்கும் கிட்டத்தட்ட அதே நிறம். கண்ணு ஏமாந்துடும். நாத்தம்தான் ஆளைக் காட்டிக் குடுக்கும். அந்த நாத்தம் இருக்கே, சீ, அதைச் சொல்லவே எனக்குப் பிடிக்கல. ஒரு தடவை மூக்குல ஏறிச்சுன்னா மூணு நாள் சோப்புப் போட்டாலும் விடாது. என் பொண்டாட்டி என்னை வாசல்லயே நிக்க வெச்சு சட்டையைக் கழட்டச் சொல்வா.

அந்த வருஷம் சங்கத்துக்கு ஒரு தலைவலி வந்துச்சு. பால் டேங்கர் ரெண்டு தடவை திரும்பி வந்துடுச்சு. மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்து பால்ல கலந்திருக்குன்னு பால் வாங்குற கம்பெனிக்காரங்க சொல்லி அனுப்பிட்டாங்க. கர்ப்பப்பையில புண்ணுன்னு வந்தா நாங்க கண்ணை மூடிக்கிட்டு ஆண்டிபயாடிக் போடுறவங்க. ஊசி போட்டுப் போட்டு கிருமிக்கே ஊசி பழகிப் போச்சு. முன்னாடி ஒண்ணுல கேட்ட மாடு இப்போ மூணு போட்டாலும் கேக்கல.

அப்போதான் எங்க டாக்டரம்மா சர்க்கரைத் தண்ணியை எடுத்துக்கிட்டு வந்தாங்க. நல்லா கெட்டியான குளுக்கோஸ் தண்ணி, வெதுவெதுன்னு சூடு பண்ணி, குழாய் வழியா நேரா கர்ப்பப்பைக்குள்ள விடணும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூணு தடவை.

"ஜாம் பாட்டில் ஏன் கெடாம இருக்கு? சர்க்கரை ஜாஸ்தி. கிருமியில இருக்கற தண்ணியை சர்க்கரை உறிஞ்சிடும். அதே கதைதான் இதுவும்" அப்படின்னாங்க.

மாட்டுக்காரங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே! "மாட்டுக்கு டீயா போடுறீங்க, பால் நாங்க தரட்டுமா?"ன்னு ஒருத்தர் கேட்டார். டாக்டரம்மா அசரல. இருவத்தஞ்சு மாட்டுல போட்டுப் பாப்போம்னு ஏற்பாடு பண்ணிட்டாங்க. கன்னு போட்ட அஞ்சாம் நாள் நான் மோந்து பாக்கணும். நாறினா சர்க்கரைத் தண்ணி. பத்தாம் நாள் திரும்ப மோந்து பாக்கணும். அப்பவும் நாறினா சர்க்கரையை நிறுத்திட்டு, உடனே பழைய ஊசி. அதுதான் சட்டம்.

"நீங்களே மோந்து பாக்கக் கூடாதாம்மா?"ன்னு கேட்டேன், தப்பிச்சுக்கலாம்னு.

"ஆளுக்காள் மூக்கு மாறினா கணக்கே தப்பிடும் அண்ணே. எல்லா மாட்டுக்கும் ஒரே மூக்குதான் இருக்கணும். ஒரு சொட்டு நாத்தத்துக்கே மூஞ்சி அஷ்டகோணலாகுற ஆளு இந்த சங்கத்துல உங்களை விட்டா யாரு?"

அன்னிலருந்து எனக்குப் பேரு மூக்கண்ணன். ஆபீஸ்ல, மாட்டுக்கொட்டாயில, டீக்கடையில எங்கயும் மூக்கண்ணன்தான். வெளிய சலிச்சுக்கிட்டேன், உள்ளுக்குள்ள தலைகால் புரியல. பத்தொம்பது வருஷமா சாணியில நின்னவனுக்கு முதல் தடவையா ஒரு மரியாதை.

பதினாலு மாடு ஒழுங்கா மோந்து பாத்தேன். அதுல சத்தியமா குறை சொல்ல முடியாது. ஒவ்வொண்ணுக்கும் குமட்டி, ஓரமாப் போய்த் துப்பிட்டு வந்து மார்க் எழுதினேன். சர்க்கரைத் தண்ணி பாதிக்கு மேல நல்லாவே கேட்டுச்சு, மூணு மாட்டுக்குக் கேக்கல. அதுங்களுக்கு ஊசி போட்டோம், பொழச்சுக்கிச்சு.

அப்புறம்தான் எனக்கு அந்தக் காய்ச்சல் வந்துச்சு. அஞ்சு நாள் படுத்த படுக்கை. எழுந்து வேலைக்குப் போன முதல் நாள் எனக்கு ஒரே சந்தோஷம். கொட்டாயில நின்னா வயித்தைப் புரட்டல. மதியம் அங்கயே உக்காந்து சாப்பிட்டேன். சரி, பத்தொம்பது வருஷத்துக்கு அப்புறம் உடம்பு பழகிடுச்சுன்னு நெனச்சேன். என்ன ஒரு முட்டாள்!

ரெண்டு நாள் கழிச்சு வீட்டுல என் பொண்டாட்டி கிண்ணத்துல ஒரு முட்டையை உடைச்சா. உடைச்ச வேகத்துல "ஐயயோ"ன்னு கத்திக்கிட்டு, மூக்கைப் பொத்திக்கிட்டு கொல்லைப்பக்கம் ஓடினா. நான் எட்டிப் பாத்தேன். முட்டை உள்ள கறுத்துப் போய், பச்சையா நுரை கட்டி இருந்துச்சு. கிண்ணத்தை மூக்குக்கிட்ட கொண்டு போனேன். ஒண்ணும் இல்ல. மூக்கை உள்ளயே விடாத குறையா குனிஞ்சேன். அப்பவும் ஒண்ணும் இல்ல. அவ ஜன்னல் வழியா என்னைப் பாத்து "அடச்சீ, என்ன மனுஷன்யா நீ"ன்னா. கொட்டாயில வயித்தைப் புரட்டாதது ஏன்னு அப்போதான் புரிஞ்சுது.

டாக்டரம்மாகிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. மூக்கு போன மூக்கண்ணனை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க? திரும்பவும் கொட்டாய் கழுவ அனுப்பிடுவாங்க. அது கூடப் பரவாயில்ல, டீக்கடையில என்ன சொல்லிச் சிரிப்பாங்கன்னு நெனச்சேன். நாளைக்கு வந்துடும், நாளான்னிக்கு வந்துடும்னு தள்ளிப் போட்டேன். வரல. இப்ப நெனச்சா என் மேலயே காறித் துப்பணும் போல இருக்கு.

மார்க் எப்படிப் போட்டேன்னு கேக்கறீங்களா? மூஞ்சியைப் பாத்துப் போட்டேன். மாட்டோட வாலைப் புடிச்சுக்கிட்டு யாராச்சும் ஒருத்தர் பக்கத்துல நிப்பாங்க இல்லையா, கம்பியை வெளிய எடுக்கும்போது அவங்க மூஞ்சியை ஓரக்கண்ணால பாப்பேன். நாத்தத்தை மறைக்க மனுஷனால முடியாது. மூக்கு ஓரம் சுருங்கும், மேல் உதடு ஒரு பக்கம் தூக்கும், மூச்சு நிக்கும். உதடு மட்டும் தூக்கினா ஒண்ணு. தலை திரும்பினா ரெண்டு. ரெண்டு அடி பின்னாடி போய் "யப்பா"ன்னா மூணு. நானும் கிண்ணத்தை மூக்குக்கிட்ட வெச்சு, உறிஞ்சற மாதிரி சத்தம் பண்ணி, தலையை ஆட்டி, தாள்ல எழுதிடுவேன். முதல்ல பயமா இருந்துச்சு, நாலு மாடு போனதும் தைரியம் வந்துடுச்சு. அஞ்சாவது மாட்டுக்கு அந்த வீட்டுக்காரர் என் மூக்கைப் பாத்து வியந்தார். நான் அவர் மீசையைப் பாத்து மார்க் போட்டேன்னு அவருக்கு எங்க தெரியும்?

அப்படிப் பத்து மாடு ஆச்சு. கடைசி மாடு, இருவத்தஞ்சாவது மாடு, எங்க அக்காவுது.

அக்காகிட்ட மூணு மாடு. அதுல பொட்டுதான் பெரிய கறவை, நெத்தியில வெள்ளையா ஒரு புள்ளி. கன்னுக்குட்டியா இருந்தப்பவே அக்கா வாங்கி வந்து, மூணு பிரசவமும் பக்கத்துலயே இருந்து பாத்த மாடு. சாப்பிடத் தட்டுல கை வெச்சிருந்தா கூட எழுந்து போய் அதுக்குத் தண்ணி காட்டிட்டு வர்ற ஆளு அக்கா. இந்தத் தடவை கன்னு குறுக்கே மாட்டி, கயிறு கட்டி இழுத்து எடுத்தோம். நஞ்சுக்கொடி விழல. ரெண்டு நாள் பின்னாடி தொங்கிக்கிட்டே கெடந்துச்சு. ஈ மொய்ச்சு, வால்ல ஒட்டி, வேண்டாம், அதையெல்லாம் சொன்னா உங்களுக்கும் சாப்பாடு இறங்காது.

அஞ்சாம் நாள் கம்பி விட்டேன். அக்கா வாலை விட்டுட்டு "யப்பா"ன்னு பின்னாடி போய் சுவரைப் பாத்துத் திரும்பிட்டா. கண்ணுல தண்ணி. மூணுன்னு எழுதினேன். டாக்டரம்மா வந்து முதல் தடவை சர்க்கரைத் தண்ணி விட்டுட்டுப் போனாங்க.

ஏழாம் நாள் ரெண்டாவது தடவைக்கு நான் மட்டும் போனேன். அக்கா வீட்டுக்காரர், எங்க மாமா, தையல்காரர். அவர் தைக்கிற அறை ஜன்னல் நேரா கொட்டாயைப் பாத்துத்தான் இருக்கும். என்னைப் பாத்ததும் மெஷினை நிறுத்திட்டு வெளிய வந்தார். கழுத்துல அளவு டேப்பு, கையில ஒரு வெள்ளைச் சட்டை.

"மோந்து பாரு மாப்ள, மோந்து பாரு. தைச்சு முடிச்ச சட்டை. வாங்க வந்தவன் இதுல பொணம் கெடந்துச்சான்னு கேட்டுட்டுப் போறான்."

சட்டையை மோந்து பாத்து "ஆமா மாமா"ன்னேன். எனக்கு அது வெறும் துணி.

"நாலு நாளா ஒரு வாய் சோறு இறங்கல எனக்கு. எதைத் தின்னாலும் அந்த மாட்டைத் தின்ன மாதிரி இருக்கு. அடிமாட்டு வண்டிக்காரன் சனிக்கிழமை இந்தப் பக்கம் வர்றான். இன்னொரு தரம் நாறட்டும், ஏத்தி விட்டுடுவேன். உங்க அக்கா அழுதாலும் சரி, உருண்டாலும் சரி."

"பத்தாம் நாள் பாத்துடலாம் மாமா. அப்பவும் சரியாகலன்னா ஊசி போடுவாங்க, கேட்டுடும்."

"சர்க்கரை, அப்புறம் ஊசி, அப்புறம் என்ன, மந்திரிக்கவா? பத்தாம் நாள்தான் கடைசி. நீ பாத்துச் சொல்றதுதான் தீர்ப்பு. நீ நாறலன்னு சொன்னா எனக்கும் நாறல. நீ நாறுதுன்னா ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம், வண்டிதான்."

அக்கா கொட்டாய் வாசல்லயே வாளியோட நின்னுக்கிட்டு இருந்தா. எல்லாத்தையும் கேட்டுட்டா.  என்னைத்தான் ரொம்ப நேரம் பாத்தா.

ஒம்பதாம் நாள் மூணாவது தடவையும் சர்க்கரைத் தண்ணி விட்டாச்சு. பத்தாம் நாள் காலையில போனேன். கொட்டாய் பளபளன்னு இருந்துச்சு. தரையெல்லாம் பினாயில் ஊத்தித் தேய்ச்சிருந்தா. பொட்டுவைக் கடைசிச் சுவர் ஓரமா மாத்திக் கட்டி, வாலைக் கூட சோப்பு போட்டுக் கழுவி வெச்சிருந்தா. மாமா ஜன்னலைச் சாத்திட்டு உள்ள தைச்சுக்கிட்டு இருந்தார். தெர்மாமீட்டர் வெச்சேன். காய்ச்சல் இருக்குன்னும் சொல்ல முடியாம, இல்லன்னும் சொல்ல முடியாம எல்லையில நின்னுச்சு. கம்பி விட்டு இழுத்தேன். செம்மண் நிறம், கொஞ்சம் தண்ணியா. நல்லதா இருந்தாலும் இருக்கலாம், கெட்டதா இருந்தாலும் இருக்கலாம்.

கிண்ணத்தை மூக்குக்கிட்ட கொண்டு போய் வெச்சுக்கிட்டு அக்கா மூஞ்சியைப் பாத்தேன்.

ஒரு சுருக்கம் இல்ல. உதடு அசையல. நேரா என்னையே பாத்துக்கிட்டு, லேசா சிரிச்ச மாதிரி நின்னா. எங்க அக்காவுக்கு எதையும் மறைக்கத் தெரியாதுங்க. சின்ன வயசுல நான் திருடித் தின்ன சர்க்கரைக்கு அவ மூஞ்சியைப் பாத்துத்தான் அம்மா என்னை அடிப்பாங்க. மருந்து கசந்தா கூட அக்கம்பக்கத்துக்கே தெரியும். அவ மூஞ்சியே அமைதியா இருக்குன்னா அப்புறம் என்ன? மத்த மாட்டுக்காரங்களை நம்பினதை விட நூறு மடங்கு நம்பினேன். இன்னொரு தடவை நல்லா உறிஞ்சற மாதிரி சத்தம் பண்ணேன், அவளுக்கு சந்தோஷமா இருக்கட்டுமேன்னு.

"சுத்தமா இருக்குக்கா. நாத்தமே இல்ல."

"நிஜமாவாடா?"

"என் மூக்கு பொய் சொல்லுமா?"

இதைச் சொன்ன வாய் இதுதான். இந்த வாயாலதான் சொன்னேன்.

அக்கா அப்படியே பொட்டு கழுத்தைக் கட்டிக்கிட்டா. ஜன்னல் திறந்துச்சு, மாமா எட்டிப் பாத்தார்.

"எனக்கு இன்னும் நாறுது மாப்ள."

"தம்பியே இல்லங்கறான். சங்கத்துக்கே அவன் மூக்குதான். உங்க மூக்குலதான் கோளாறு, போய் டாக்டரைப் பாருங்க"ன்னு அக்கா ஒரே போடா போட்டா. மாமா ரெண்டு தடவை மூக்கை உறிஞ்சினார், சந்தேகமா என்னைப் பாத்தார். நான் தலையை ஆட்டினேன். சரி, குடுத்த வாக்கு குடுத்ததுதான்னு ஜன்னலைச் சாத்திக்கிட்டார். நான் தாள்ல "நாத்தம் இல்லை, ஊசி தேவையில்லை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பதிமூணாம் நாள் காலையில அக்கா போன் பண்ணா. குரலே சரியில்ல.

"பொட்டு எழுந்திருக்க மாட்டேங்குதுடா."

டாக்டரம்மா ஜீப்புலதான் போனோம். வாசல் கேட்டுக்கிட்ட இறங்கினதுமே டாக்டரம்மா சட்டுன்னு நின்னாங்க. முழங்கையை மடக்கி மூக்குல வெச்சுக்கிட்டாங்க. அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. ஏன் பாக்கறாங்கன்னு எனக்குப் புரியல. நான் பாட்டுக்கு பெட்டியைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டேன்.

பொட்டு தலையை வயித்துப் பக்கம் மடக்கி வெச்சுக்கிட்டுப் படுத்திருந்துச்சு. கண்ணு குழிக்குள்ள போயிருந்துச்சு. காதைத் தொட்டா ஜில்லுன்னு. டாக்டரம்மா குழாயை உள்ள விட்டு, மறுமுனையை வாளியில போட்டாங்க. வந்துச்சு பாருங்க. கறுஞ்சிவப்பா, நீர்த்துப் போய், நடு நடுவுல சாம்பல் நிறத்துல சதைத் துணுக்கு. ஒரு வாளி நிரம்பி ரெண்டாவது வாளி பாதி. மாமா கதவைப் புடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தார். அக்கா மூக்கை மறைக்கக் கூட இல்ல, ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு ஆடிக்கிட்டு இருந்தா. டாக்டரம்மாவுக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. பத்தொம்பது வருஷத்துல அவங்க குமட்டி நான் பாத்ததில்ல, அன்னிக்குப் பாத்தேன்.

டாக்டரம்மா சொல்லி அக்கா வெந்நீர் எடுக்க உள்ள போனா. நான் வாளிக்கு மேல குனிஞ்சு, பஸ்ஸுக்கு நிக்கிற ஆளு மாதிரி நின்னுக்கிட்டு இருந்தேன்.

"அண்ணே, கண்ணை மூடுங்க"ன்னாங்க டாக்டரம்மா.

"எதுக்கும்மா?"

"மூடுங்க."

மூடினேன். மூக்குக்கிட்ட ஏதோ கொண்டு வந்தாங்க.

"இது என்ன?"

அந்த வாளியில தொட்டதாத்தான் இருக்கும்னு நெனச்சு, "யப்பா, தாங்கலம்மா"ன்னு மூஞ்சியைச் சுளிச்சேன்.

"சரி, இது?"

"பினாயிலும்மா."

கண்ணைத் திறங்கன்னாங்க. ஒரு கையில டம்ளர் தண்ணி இருந்துச்சு. வெறும் பச்சைத் தண்ணி. இன்னொரு கையில ஒண்ணும் இல்ல. ரெண்டு தடவையும் தண்ணியைத்தான் காட்டியிருக்காங்க.

"எத்தனை நாளா?"

 "காய்ச்சல் வந்ததுலருந்து"ன்னேன்.

"பதினோரு மாடு."

"மூஞ்சியைப் பாத்து எழுதினேம்மா. பக்கத்துல நிக்கறவங்க மூஞ்சியை."

டாக்டரம்மா கத்துவாங்கன்னு நெனச்சேன். கத்தியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். ஏதோ கால்ல மிதிச்சதைப் பாக்கற மாதிரி என்னைப் பாத்தாங்க. நான் ஆயுசு முழுக்க மத்தவங்களைப் பாத்த பார்வை அது.

"சர்க்கரைத் தண்ணி சில மாட்டுக்குக் கேக்கும், சில மாட்டுக்குக் கேக்காது. அது எனக்கு முன்னாடியே தெரியும். எதுக்குக் கேக்கலன்னு பத்தாம் நாள் கண்டுபிடிச்சு மருந்தை மாத்தத்தான் நீங்க. மூணு நாள் முன்னாடி ஒரு ஊசி போட்டிருந்தா இந்த மாடு இப்போ நின்னுக்கிட்டு இருக்கும்."

 ஊசி போட்டாங்க, ரெண்டு பக்கமும் டிரிப் ஏத்தினாங்க. மாட்டைப் புரட்டிப் படுக்க வெச்சாத்தான் மூச்சு விட முடியும்னாங்க. புரட்ட ஆள் வேணும். அப்போ மாமா வந்தார். அளவு டேப்பைக் கூடக் கழட்டல. வாங்க வந்தவன் விட்டுட்டுப் போன அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருந்தார், அதோடயே அந்தச் சகதியில மண்டி போட்டு உக்காந்து, பொட்டு முதுகுக்குக் கீழ தோளைக் குடுத்துத் தூக்கினார். பின்னாடியிருந்து வழிஞ்சது அவர் சட்டையில, கழுத்துல, தாடியில எல்லாம் பட்டுச்சு. துடைக்கக் கூட இல்ல.

"எழுந்திரும்மா, எழுந்திரு. உன்னை வண்டியில ஏத்த மாட்டேன், சத்தியமா ஏத்த மாட்டேன்"னு அதுகிட்ட கெஞ்சினார். நானும் இன்னொரு பக்கம் தோள் குடுத்தேன். மாமா என் கையைத் தட்டி விட்டார்.

"நீ தொடாதே."

அதுல நியாயம் இருந்துச்சு. தள்ளி நின்னேன்.

மதியம் ஆகறதுக்குள்ள பொட்டு போயிடுச்சு. காலை ரெண்டு தடவை உதைச்சுது, பெருசா ஒரு மூச்சு விட்டுது, அவ்வளவுதான். டிரிப் பாட்டில்ல பாதி மிச்சம் இருந்துச்சு. கன்னு அந்தப் பக்கம் கட்டியிருந்த இடத்துலருந்து கத்திக்கிட்டே இருந்துச்சு.

மாமா எழுந்து குழாயடிக்குப் போனார். டாக்டரம்மா ஜீப்புக்குப் போய் யாருக்கோ போன் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. அக்கா மாட்டோட தலையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நான் அவ பக்கத்துல போய் உக்காந்தேன்.  மன்னிச்சுடுன்னு சொல்ல எனக்கே கூசுச்சு.

அவளே பேசினா. "எனக்கு நாறிச்சுடா. அன்னிக்கு எனக்கு நல்லாவே நாறிச்சு."

"அக்கா..."

"நாறுதுன்னு காட்டினா வண்டி ஏத்திடுவாரே. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். மூச்சை அடக்கினேன். நீ எப்படியும் கண்டுபிடிச்சுடுவே, மாமாகிட்ட சொல்லாம தாள்ல மட்டும் மூணுன்னு எழுதுவே, அவருக்குத் தெரியாம ஊசி போட வெச்சுடலாம்னுதான் இருந்தேன். ஆனா நீ கிண்ணத்தை மூக்குல ஒட்டி வெச்சு ரெண்டு தடவை மோந்தே. உன் மூஞ்சியில ஒரு சுருக்கம் இல்ல. பஸ்ல கம்பி புடிக்கவே கூசுற பய நீ. உனக்கே நாறலன்னா, நாறுறது என் மூக்குல இல்ல, என் பயத்துலதான்னு நெனச்சுட்டேன். அதுக்கப்புறம் மூணு நாளும் நாறிக்கிட்டேதான் இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் உன் மூஞ்சியை நெனச்சுக்கிட்டேன்."

 சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனா ஏற்கெனவே சொல்லாம விட்டதுக்குத்தான் இந்த மாடு படுத்துக் கெடக்கு.

"அக்கா, நான் அன்னிக்கு உன் மூஞ்சியைப் பாத்துத்தான் எழுதினேன்."

அவ மெதுவா என் பக்கம் திரும்பினா. கொஞ்ச நேரம் ஆச்சு அவளுக்குப் புரியறதுக்கு. புரிஞ்சதும் அவ மூஞ்சி மாறினதைப் பாத்தேன். மூக்கு ஓரம் சுருங்குச்சு, உதடு தூக்குச்சு, தலை அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. செத்துக் கெடக்கற மாட்டுக்கு இல்ல. எனக்கு.

பொட்டு தலையை அலுங்காம கீழ வெச்சுட்டு எழுந்தா. வாளித் தண்ணியில முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவினா.

"மத்த மாட்டுக்கும் இப்படித்தானே எழுதி வெச்சிருக்கே?"

"ஆமாக்கா."

"எங்கெங்க இருக்கு?"

சொன்னேன். நாலு தெரு, பத்து கொட்டாய். அவ ஜீப்புக்கிட்ட போய் டாக்டரம்மாகிட்ட ஏதோ பேசினா. டாக்டரம்மா போனை அணைச்சுட்டு முன் கதவைத் திறந்து விட்டாங்க. அக்கா ஏறி அவங்க பக்கத்துல உக்காந்தா. நான் பெட்டியையும் கம்பியையும் தூக்கிக்கிட்டு ஓடினேன்.

அக்கா திரும்பிப் பாக்காமலே கையை மட்டும் நீட்டி, கம்பியை வாங்கிக்கிட்டா.

"நீ பின்னாடி உக்காரு. வழி மட்டும் சொல்லு."